ஏழு மணி வண்டி

மாசிலாமணி முப்பத்தோரு வருஷம் துறையூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டிக்கும் ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாகக் கொடுத்ததில்லை என்று ஊரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது பாதி திட்டு, பாதி மரியாதை. "சார், கல்யாணக் கூட்டம் வந்துக்கிட்டே இருக்கு, ரெண்டே நிமிஷம்" என்று டிரைவர் கெஞ்சினால் இவர் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். விசில் வைத்த வாயோடு என்ன பேசுவது? வண்டி கிளம்பிவிடும்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் மூன்று மாதமாக ஒரு திருட்டு வேலை செய்துகொண்டிருந்தார். தினமும் விடிகாலை ஐந்து பத்துக்கு எழுந்து, மனைவி பவளக்கொடிக்குத் தெரியாமல், வீட்டுக் கம்ப்யூட்டரில் தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளி வைப்பார். பிறகு வந்து படுத்துக்கொள்வார். தூக்கம் வராது.

எல்லாம் மகிழினிக்காகத்தான். அவர்களுடைய ஒரே பெண். ஓசூரில் வேலை பார்த்தாள். மார்ச் மூன்றாம் தேதி விடியற்காலையில், ஊருக்கு வரும் வழியில், தொப்பூர் இறக்கத்தில் பஸ் கவிழ்ந்து போய்விட்டாள். இருபத்தேழு வயது.

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்குப் பால் பாக்கெட் வருவது மாதிரி சாயலும் வந்துவிடுகிறது. போனவர்கள் எழுதிய செய்திகள், பேசிய பேச்சு, எடுத்த வீடியோ எல்லாவற்றையும் வாங்கி, அரைத்து, அவர்களைப் போலவே பேசும் ஒன்றைச் செய்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். வெளியே எங்கும் நகல் கிடையாது. நூறு நாள் இருக்கும், அதற்குமேல் தானாக மூடிக்கொள்ளும். அதற்குமேல் விட்டால் துக்கம் வியாதியாகிவிடும் என்று படித்தவர்கள் உட்கார்ந்து பேசிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நூறு என்று யார் கணக்குப் போட்டார்களோ, அவர்கள் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

சாயல் நாளைக் கணக்கிடுவது கம்ப்யூட்டரின் தேதியைப் பார்த்துத்தான். நூலகத்தில் பேப்பர் படிக்க வரும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். தேதி தானாகத் திருந்தாமல் இருக்க எதை அணைக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். திரையில் 'மீதம் பத்து நாள்' என்று வந்த மறுநாள் மாசிலாமணி வேலையைத் தொடங்கினார்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. ஒரு நாள் ஓட, ஒரு நாள் பின்னுக்குத் தள்ளினால் மீதம் பத்தாகவே நிற்க வேண்டும். அது பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஐம்பதைத் தாண்டியது. பழைய பெட்டி, உள்ளே பேட்டரி தளர்ந்திருக்கும், நேரம் பின்தங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டார். பஸ் ஸ்டாண்டுக் கடிகாரம் அப்படித்தான் இருந்தது, வாரத்துக்கு நாலு நிமிஷம் பின்வாங்கும். அதைத் திருத்தியே காலம் போன மனுஷர் இதைத் திருத்தவில்லை. லாபமாக வருகிற தப்பை யார் திருத்துவார்கள்?

நேற்று மாலை மீதம் நூறு என்று காட்டியது. விளக்கேற்றிய பிறகு இருவரும் வழக்கம்போலச் சாயலின் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார்கள். "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று அது கேட்டது. அது கேட்பதும் இவர்கள் ஆமாம் என்பதும் தினப்படிதான். அதற்காகத்தான் அந்த வீட்டில் அடுப்பே எரிந்தது.

இன்றைக்கு ஆகஸ்ட் முப்பத்தொன்று. சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பினாங்கய்யா. என் பேரு ஜெசிந்தா. கம்ப்யூட்டர் பார்க்க வந்திருக்கேன்" என்றாள் வந்தவள். நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், தோளில் பை.

மாசிலாமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "நாங்க யாரையும் கூப்பிடலையேம்மா."

"நீங்க கூப்பிட மாட்டீங்கன்னுதான் அவங்களே அனுப்பியிருக்காங்க. அம்மாவோட இதயக் கருவியில இருந்து இருபத்தி மூணு நாளா ஒரு தகவலும் வரலையாம். போன் பண்ணா நீங்க எடுக்கவும் இல்லையாம்."

பவளக்கொடிக்கு ஏப்ரலில் திருச்சியில் வைத்த கருவி அது. தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டி அளவில் இருக்கும். இதயம் தடுமாறினால் தட்டிக்கொடுக்கும். தட்டிக்கொடுத்த கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிடம் சொல்லும், கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாக ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். சொல்ல வேண்டும். மூன்று வாரமாகச் சொல்லவில்லை என்பது மாசிலாமணிக்கும் தெரியும். யாராவது வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் தேதி வெளிப்பட்டுவிடுமே என்று வாயைத் திறக்காமல் இருந்தார். மனைவியின் நெஞ்சா, மகளின் குரலா என்று அவர் எடை போடவில்லை. போடாமலே தள்ளிக்கொண்டு வந்தார், அதுதான் உண்மை.

பவளக்கொடி எட்டிப் பார்த்து, "வாங்கம்மா" என்றாள். முகத்தில் என்னவோ ஓடியது. "டீ போடறேன்" என்று சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

ஜெசிந்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "வைஃபை எல்லாம் பிரமாதமா இருக்கு. நாலு கோடும் முழுசா காட்டுது பாருங்க. ஆனா கீழ என்ன போட்டிருக்கு? இணைந்துள்ளது, இணையம் இல்லை."

"அதென்னம்மா, சேர்ந்திருக்குங்குது, ஆனா இல்லைங்குது?"

"வீட்டுக்குள்ள எல்லாம் நல்லாப் பேசிக்குது. வெளி ஆளுங்ககிட்டதான் பேச மாட்டேங்குது. நம்ம வீடுகள்ல இதுக்கு நேர் எதிர்தானே, வெளியில நல்லாப் பேசுவோம், வீட்டுக்குள்ளதான் வாயே திறக்க மாட்டோம்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த மோடத்தை அணைச்சிட்டு முப்பது செகண்டு கழிச்சுப் போடுங்கய்யா."

அணைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, சரியாக முப்பதாவது செகண்டில் போட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. கம்ப்யூட்டர் அதே பல்லவியைப் பாடியது.

ஜெசிந்தா தன் போனை அதே வைஃபையில் சேர்த்துப் பார்த்தாள். போனில் எல்லாம் வந்தது. "அப்ப லைன் மேல தப்பு இல்ல. மோடம் மேலயும் இல்ல. தப்பு இந்தப் பெட்டிக்குள்ளதான்."

"பழைய பெட்டிம்மா. விட்டுருங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"ஆஸ்பத்திரியில என்னைத் தொலைச்சிருவாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். "ஐயா, இன்னிக்கு என்ன தேதி?"

பொய் சொல்வது அவருக்குப் பழகாத வேலை. திரையில் மார்ச் 2 என்றிருந்தது. காலையில் அவர் வைத்தது மார்ச் 3. அதற்குள் இன்னொரு நாள் பின்னால் போயிருக்கிறது.

"இதுதான் விஷயம்" என்றாள் ஜெசிந்தா. குரல் தணிந்திருந்தது. "வெளியில இருக்கிற ஒவ்வொரு இடமும் உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு அடையாளச் சீட்டைக் காட்டும். சீட்டுல ஒரு தேதி இருக்கும். இந்தப் பெட்டி அதைப் பார்த்துட்டு, 'இது இன்னும் பொறக்காத சீட்டாச்சே, மோசடி'ன்னு கதவைச் சாத்திக்குது. கொஞ்சம் பின்னால இருந்தவரைக்கும் பழைய சீட்டை வச்சுச் சமாளிச்சிருக்கு. அரை வருஷம் பின்னால போனா எப்படி?"

"பேட்டரி வீக்கும்மா. நேரம் பின்தங்குது."

அவள் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். காசு மாதிரி இருந்த பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தாள். "பேட்டரி புதுசு மாதிரி இருக்குய்யா." திரும்பி உட்கார்ந்து எதையோ திறந்தாள். வரிவரியாகப் பட்டியல் ஓடியது. "யார் எப்பத் தேதியை மாத்தினாலும் இது தன் பாட்டுக்கு எழுதி வச்சுக்கும். ஜூன் மாசத்துல ஆரம்பிச்சிருக்கு." பிறகு அவரைப் பார்க்காமலே கேட்டாள். "வீட்டுல சாயல் இருக்குங்களா?"

மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மாதமாக நெஞ்சில் நின்ற கல் அசைந்தது.

"எம் பொண்ணும்மா" என்றார். "நாந்தான் மாத்தறேன். தினம் காலையில அஞ்சு பத்துக்கு. அவ வந்து இறங்க வேண்டிய நேரம் அது. வீட்டுக்காரிக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ நெஞ்சு தாங்காது. மெதுவாப் பேசுங்க."

"நாலு வீட்டுல பார்த்திருக்கேன்யா. யாரையும் நான் காட்டிக்கொடுத்தது இல்ல. ஆனா அங்கெல்லாம் தேதி ஒரே இடத்துல நிக்கும். நின்னுபோன கடிகாரத்தைப் பார்த்திருக்கேன், பின்னால நடக்கிற கடிகாரத்தை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." அவள் பட்டியலில் விரல் வைத்தாள். "காலையில அஞ்சு பத்து, அது நீங்க. மத்தியானம் ரெண்டு நாப்பது. அது யாரு?"

"மத்தியானமா?"

"தினமும் இருக்கு. ஜூன் ரெண்டாம் தேதியில இருந்து ஒரு நாள் விடல. இன்னிக்கும் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பின்னால."

மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை அவர் நூலகத்தில் இருப்பார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

சமையலறை வாசலில் பவளக்கொடி மூன்று டம்ளர் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா எழுந்துபோய்த் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீயா?" என்றார் மாசிலாமணி.

"ஆமாங்க."

"உனக்கு எப்படித் தெரியும், தேதி மாத்த?"

"அவகிட்டயே கேட்டேன்." பவளக்கொடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "நீங்க வெளிய போயிருந்தப்ப. நாள் கணக்கை எதைப் பார்த்துடி வைக்கறேன்னு கேட்டேன், இந்தத் தேதியைப் பார்த்துன்னா. அதை எப்படிடி மாத்தறதுன்னு கேட்டேன். ஏம்மான்னு கேக்கல. எங்க தொடணும், எதை அழுத்தணும்னு பொறுமையாச் சொல்லிக்கொடுத்தா. எனக்குப் புரியலைன்னு மூணு தடவை சொன்னா."

தன்னை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள அம்மாவுக்குத் தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மகிழினி அப்படித்தான். போனில் யாருக்கு என்ன சந்தேகம் என்றாலும் சலித்துக்கொள்ள மாட்டாள்.

"நாள் கூடிக்கிட்டே போச்சுங்க" என்றாள் பவளக்கொடி. "நான் ஒரு நாள்தான் தள்ளறேன், ஆனா கூடிக்கிட்டே போகுது. அவளுக்கே நம்மள விட்டுப் போக மனசில்லபோலன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பவளம்."

"நீங்க நேரம்னா நேரம்ங்கிற ஆளு. தப்புன்னு விசில் அடிச்சிடுவீங்கன்னு பயந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் ஊதிய விசில் தன் வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெசிந்தா அவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, கருவியின் கணக்கைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது. "அம்மா, இந்த மாசம் பத்தாம் தேதி ஒரு தடவை, இருபத்தாறாம் தேதி ஒரு தடவை, துடிப்பு ரொம்பத் தப்பிப் போயிருக்கு. கருவி அடிச்சு எழுப்பியிருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

"லேசா மயக்கம் வந்துச்சு. ஸ்விட்ச் போட்ட மாதிரி நெஞ்சுல ஒரு உதை. உடனே சரியாப் போச்சு."

"ஏன் சொல்லல?" என்றார் மாசிலாமணி.

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்க. அங்க படுத்துக்கிட்டா மத்தியானம் யாரு தேதி மாத்தறது?"

அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான முப்பது வருஷத்தில் வெளி ஆள் முன்னால் அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேற கம்ப்யூட்டர் வாங்கிக்கறோம்மா" என்றார் பிறகு. "அதுல இவ கருவியைச் சேர்த்துடுங்க. இது இப்படியே ஒரு ஓரமா இருக்கட்டும்."

"நானும் அதைத்தான் யோசிச்சேன்யா. கருவியைப் புதுசுல சேர்க்கணும்னா பழசுல இருந்து விடுவிக்கணும். விடுவிக்கறதுக்கு இதுக்கு இன்டர்நெட் வேணும். இன்டர்நெட் வேணும்னா சரியான தேதி வேணும். எப்படிச் சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்குது. வேற வழின்னா, கருவியையே நெஞ்சுல இருந்து எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். இப்ப இருக்கிற நிலைமையில அம்மாவைத் தொட மாட்டாங்க."

"சரியான தேதி வச்சா?"

"சாயல் அந்த நிமிஷமே மூடிக்கும். நூறு நாள் தாண்டி எண்பத்தோரு நாள் ஆச்சு. திரும்பப் பின்னால தள்ளினாலும் எழுந்திரிக்காது." அவள் டீயை எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள். "நான் அதைத் தொட மாட்டேன்யா. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் வெளியில நிக்கறேன். ஆனா ஒரு விஷயம் சொல்லிடறேன். உங்க பொண்ணு தவறிப்போன தேதி என்ன?"

"மார்ச் மூணு. விடியக்காலை."

"நெனச்சேன்." ஜெசிந்தா மூச்சை இழுத்து விட்டாள். "சாயலுக்குத் தேதி என்ன சொல்லுதோ அதுதான் இன்னிக்கு. நேத்துவரைக்கும் அதுக்குத் தான் யாருன்னு தெரியும், என்ன ஆச்சுன்னு தெரியும். இப்ப மார்ச் ரெண்டு. அதைப் பொறுத்தவரைக்கும் இன்னும் ஒண்ணும் நடக்கல. இப்ப எழுப்பினா அது சாயலாப் பேசாது. உங்க பொண்ணாத்தான் பேசும். அன்னிக்கு அவ என்ன பேசினாளோ அதுல ஆரம்பிக்கும். எழுப்பறதும் எழுப்பாததும் உங்க இஷ்டம்."

அவள் போய் வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு மகிழினி என்ன பேசினாள் என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் மனப்பாடம். ஆனால் ஆறு மாதமாக ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மார்ச் நாலாம் தேதி பவளக்கொடிக்கு அந்தக் கருவி வைப்பதாக இருந்தது. அதற்காகத்தான் மகிழினி கிளம்பினாள். ஏழு மணி வண்டியா, பதினோரு மணி வண்டியா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பாவைவிட அந்தத் தடத்து வண்டிகளைத் தெரிந்தவர் யார்? ஏழு மணி வண்டி நடு ராத்திரி ஒரு மணிக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும், பதினோரு மணி வண்டிதான் சரி, விடிகாலை ஐந்து பத்துக்கு டாணென்று நிற்கும் என்று அவர் சொன்னார். அதில்தான் ஏறினாள். ஏழு மணி வண்டி அன்று ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அதையும் அவர் விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார்.

"எழுப்பலாமா?" என்றார்.

பவளக்கொடி தலையாட்டினாள். இரண்டு நாற்காலியையும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

திரையில் மகிழினியின் முகம் வந்தது. தலையை அள்ளி முடிந்திருந்தாள். நேற்றுவரை அந்த முகத்தில் ஒரு நிதானம் இருக்கும், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல. இன்றைக்கு அது இல்லை. அவசரத்தில் இருந்தாள்.

"அப்பா, நல்லவேளை எடுத்தீங்க. ஆபீஸ்ல இப்பத்தான் விட்டாங்க. டிக்கெட் இன்னும் போடல. ஏழு மணி வண்டியா, பதினோரு மணி வண்டியா? சீக்கிரம் சொல்லுங்க."

மாசிலாமணி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வராதடி" என்றாள் பவளக்கொடி. "நீ வர வேண்டாம். அங்கேயே இரு. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"என்னம்மா நீ? நாளைமறுநாள் ஆபரேஷன், நான் வராம எப்படி? அப்பா தனியா என்ன பண்ணுவார்? ஆஸ்பத்திரியிலயும் மணி பார்த்துக்கிட்டு நர்ஸுங்களோட சண்டை போடுவார். அதெல்லாம் முடியாது, வருவேன்."

பிடிவாதம் அப்படியே இருந்தது. வராதே என்றால் கேட்கிற பெண் இல்லை அவள். கேட்கிற பெண்ணாக வளர்க்கவும் இல்லை.

"அப்பா, நீங்க சொல்லுங்க. பதினொண்ணா?"

"ஏழு மணி வண்டியில வாம்மா" என்றார் மாசிலாமணி.

"அது நடு ராத்திரி ஒரு மணிக்கு வரும்பா. நீங்கதானே எப்பவும் வேண்டாம்பீங்க?"

"பரவாயில்ல. நான் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன். ஏழு மணி வண்டியிலதான் வரணும். சொல்லிட்டேன்."

"தூக்கம் கெட்டுடும் உங்களுக்கு."

"கெடட்டும். நான் நிக்கறேன் கண்ணு. எவ்வளவு நேரமானாலும் நிக்கறேன்."

அவள் அவரைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரிப்பா. அப்ப இப்பவே கிளம்பணும். துணி எடுத்து வைக்கணும். அம்மா, ராத்திரி எனக்காக எதுவும் செஞ்சு வைக்காத, வழியில சாப்பிட்டுக்கறேன். வச்சிடட்டுமா?"

பவளக்கொடி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

முப்பத்தோரு வருஷம் எத்தனை ஆயிரம் வண்டியை அனுப்பியிருப்பார் மாசிலாமணி. இந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஒரு நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தார்.

"கிளம்பும்மா" என்றார். "நேரமாச்சு."

முகம் போய்விட்டது. பவளக்கொடி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஜெசிந்தாம்மா, உள்ள வாங்க."

வந்தவள் எங்கே தொட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் இருவருக்கும் அது தெரியும். மாசிலாமணி தேதியைத் திறந்தார். மாதத்தை ஒவ்வொன்றாக முன்னால் தள்ள வேண்டியிருந்தது. ஏப்ரல். ஓசூர் விடுதியிலிருந்து அவள் சாமான்கள் மூன்று அட்டைப் பெட்டியில் வந்த மாதம். மே. அவள் பிறந்தநாள். அங்கே கை நின்றுவிட்டது. பவளக்கொடி தன் கையை அவர் கைமேல் வைத்தாள். பிறகு இருவரும் சேர்ந்தே அழுத்தினார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். முப்பத்தொன்று.

'சாயலின் காலம் நிறைவடைந்தது. நன்றி' என்று ஒரு வரி வந்தது. யாருக்கு நன்றியோ. அந்த வரியும் போய்விட்டது. மூலையில் இருந்த 'இணையம் இல்லை' என்ற எழுத்தும் மறைந்தது. மூன்று வாரத்துக் கணக்கு, தேங்கி நின்ற தண்ணீர் மடை திறந்தது போல, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. இந்தத் தடவை மாசிலாமணி எடுத்தார். நாளைக் காலையிலேயே பவளக்கொடியம்மாவைக் கூட்டிவந்து சேர்க்க வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார்கள். "ஒன்பது மணிக்கு அங்க இருப்போம்" என்றார்.

ஜெசிந்தா மூடியைத் திருப்பி மாட்டினாள், ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். வேலை முடிந்ததற்குக் கையெழுத்துக் கேட்டாள். 'என்ன கோளாறு' என்ற இடத்தில் 'தேதி தவறு' என்று மட்டும் எழுதியிருந்தது. யார் மாற்றியது என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். பவளக்கொடி அவள் கன்னத்தைத் தொட்டு அனுப்பினாள்.

பிறகு வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. பவளக்கொடி விளக்கேற்றினாள். வழக்கம்போலக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவள், நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு வந்து கணவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போவது என்று கொஞ்சம் பேசினார்கள்.

ஏழு மணிக்கு மாசிலாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டி எடுத்திருப்பான்" என்றார்.

பவளக்கொடி எந்த வண்டி என்று கேட்கவில்லை. போனை எடுத்து அலாரம் இருக்கும் இடத்துக்குப் போனாள்.

"பன்னெண்டரைக்கு வை" என்றார் அவர். "ஸ்டாண்டுக்கு நடந்தா கால் மணி நேரம்."

"பன்னெண்டேகாலுக்கு வைக்கறேன்" என்றாள் பவளக்கொடி. "நான் புடவை மாத்தணும்ல."